மூன்று நாள் நடை, இரண்டு இரவு விருந்து

(நம் சமுதாயக் கூடத்தில் மூத்தோர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாதவர்களுக்காக, செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



ரிடையர் ஆனவன் கையில் மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம் என்று சொல்வார்கள். செயலாளர் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். நேரம் ஆனால் ஷட்டரை இறக்கிவிடுவேன், பயப்பட வேண்டாம்.

வரும் டிசம்பரில் நம் குடியிருப்பிலிருந்து பதினான்கு பேர் தாய்லாந்து போவதாகத் திட்டம். பாங்காக், பட்டாயா எல்லாம் வேண்டாம். வடக்கே சியாங் மாய் போய், இரண்டு மூன்று நாள் காட்டில் நடந்து, மலைக் கிராமங்களில் தங்கிவிட்டு வரலாம் என்று பேசியிருக்கிறீர்கள். நல்ல யோசனை. மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று. போன டிசம்பரில் நானும் என் மனைவியும் அதே மாதிரி ஒரு நடை போய் வந்ததால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

மூன்றில் எது என்று நான் சொல்லப் போவதில்லை. உங்கள் பணம், உங்கள் முடிவு. ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நான் அதைக் கேட்காமல் போனேன். போன இடத்தில் ஒரு சால்வை விஷயத்தில் தலைகுனிந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கே இருக்கிறது, யார் இருக்கிறார்கள்

சியாங் மாய் பாங்காக்கிலிருந்து ரயிலில் 751 கிலோமீட்டர். இரவு ரயிலில் படுத்தால் காலையில் இறங்கலாம். விமானம் என்றால் ஒன்றேகால் மணி நேரம். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் ஒரு சமவெளியில் இருக்கிறது, சுற்றிலும் மலை. தென்மேற்கே தோய் இந்தனோன் என்ற சிகரம், 2,565 மீட்டர். தாய்லாந்தில் அதுதான் மிக உயரம். நம் ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை நினைவில் வைத்தால் அளவு புரியும். 'தோய்' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் மலை. ஆற்றுக்கு 'மே நாம்' என்று பெயர். மே என்றால் அம்மா, நாம் என்றால் தண்ணீர். ஆற்றைத் தாயாகச் சொல்லும் வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

இந்த மலைகளில் கரேன், ஹ்மோங், லாஹு, ஆகா, லீசு, மியன் என்று பல இனத்தவர் வாழ்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மொழி வேறு, உடை வேறு. எண்ணிக்கையில் பெரியவர்கள் கரேன்கள். எல்லைக்கு அப்பால் பர்மாவில் இவர்கள் இன்னும் அதிகம். நாங்கள் போனது சியாங் மாயின் தென்மேற்கே மே வாங் பக்கம்; இரண்டு இரவும் கரேன் கிராமங்களில் தங்கினோம். கரேன்களில் கல்யாணம் ஆகாத பெண்கள் வெள்ளை நீள அங்கி அணிவது வழக்கம். கல்யாணம் ஆனவர்களுக்கு மேல்சட்டையும் கைலி போன்ற சுற்றுத் துணியும் தனித்தனி. இப்போது தினமும் எல்லோரும் அப்படி உடுத்துவதில்லை, பலர் பண்டிகைக்கும் கோயிலுக்கும்தான். பெரும்பாலான நேரம் டி-ஷர்ட்தான். அதைப் பார்த்து நம்மவர்கள் ஏமாந்துவிடக் கூடாது. நம் வீட்டுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர் நாம் பட்டு வேட்டியில் இல்லையே என்று வருத்தப்பட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

முதல் நாள்: சால்வை

காலை ஒன்பது மணிக்கு ஒரு வண்டி வந்தது. பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப் லாரி. அதை 'சோங்தியாவ்' என்கிறார்கள். இரண்டு வரிசை என்று பொருள். எங்கள் இருவரோடு இன்னொரு வெளிநாட்டுத் தம்பதி. வழிகாட்டி இருபத்தெட்டு வயதுக் கரேன் இளைஞர். என்னை 'லுங்' என்றும் என் மனைவியைப் 'பா' என்றும் கூப்பிட்டார். பெரியப்பா, பெரியம்மா என்று அர்த்தமாம். அந்த ஒரு வார்த்தையிலேயே என் மனைவி அவர் கட்சிக்குப் போய்விட்டாள்.

வழியில் சந்தையில் அரிசி, காய்கறி, முட்டை வாங்கினார். நாங்கள் சைவம். 'மங்சவிரட்' என்று சொல்லுங்கள், புரியும். மாம்சம், விரதி என்ற நமக்குத் தெரிந்த சொற்கள்தான் அங்கே போய் இப்படி ஆகியிருக்கின்றன. ஆனால் மீன் சாறு ஊற்றாமல் அவர்களுக்குச் சமையலே கிடையாது. அதனால் முன்கூட்டியே, ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடியும் ஊறுகாயும் கடைசி வரை கைகொடுத்தன.

முதல் நாள் நடை நான்கு மணி நேரம். ஆரம்பத்தில் வயல் வரப்பு. அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. பிறகு மூங்கில் காடு, ஒரு ஓடை, அதன்பின் விடாத ஏற்றம். தேக்கு இலைகள் காய்ந்து பாதை முழுக்க அப்பளம் போல நொறுங்கின. மாலை நான்கு மணிக்குக் கிராமம். பதினைந்து இருபது வீடுகள். மரக்கால்கள் மேல் நின்ற மர, மூங்கில் வீடுகள். கீழே பன்றி, கோழி. செருப்பை ஏணிப்படியில் விட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். உள்ளே மண் பரப்பிய மேடையில் அடுப்பு. இரவில் எல்லோரும் அதைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள். கூரையில் ஒரு சோலார் தகடு, அதிலிருந்து ஒரு பல்பு. கழிப்பறை வெளியே, உட்காரும் வகை. தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. படுக்கை என்பது பாய், மெல்லிய மெத்தை, கம்பளி, கொசுவலை.

சாப்பாடு ஆனதும் வீட்டு அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் துணிகளைக் கொண்டுவந்து பரப்பினார்கள். பை, சால்வை, சட்டை. கருஞ்சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு சால்வையை எடுத்து என் மனைவி தோளில் போட்டுப் பார்த்தாள். விலை 600 பாத் என்றார் வீட்டு அம்மா. ஒரு பாத் என்பது அப்போது நம் பணத்தில் இரண்டரை ரூபாய்க்கு மேல். எனக்குக் கை பரபரத்தது. ரங்கநாதன் தெருவில் நாற்பது வருடம் பழகிய கை. 300 என்றேன். அவர் சிரித்தார். 350 என்றேன். எழுந்திருப்பது போல பாவனை செய்தேன். கடைசியில் 400-க்குக் கொடுத்தார். படுக்கப் போகும்போது ஏதோ போனஸ் வந்த மாதிரி எனக்கு ஒரு மகிழ்ச்சி. மனைவி ஒன்றும் பேசவில்லை. விளக்கை அணைத்தபிறகு, "சாப்பாடு போட்டவங்ககிட்டயுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து வந்தால் வீட்டு அம்மா திண்ணையில் நெய்துகொண்டிருக்கிறார். நம் ஊர்த் தறி மாதிரி இல்லை. பாவு நூலின் ஒரு முனையை வீட்டுத் தூணில் கட்டியிருக்கிறார். மறுமுனை அவர் இடுப்பில் சுற்றிய பட்டையில். கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து, உடம்பைப் பின்னால் சாய்த்தால் நூல் விறைக்கிறது. முன்னால் வந்தால் தளர்கிறது. அவர் உடம்பேதான் தறிச் சட்டம். ஒரு இழை கோத்து, மரக்கத்தி போன்ற பலகையால் அடித்து, மறுபடி சாய்கிறார். நான் காபி குடித்து முடிக்கும் வரை பார்த்தேன். துணி இரண்டு விரல் அளவு கூட ஏறவில்லை.

வழிகாட்டித் தம்பியை விட்டுக் கேட்டேன், நேற்றைய சால்வைக்கு எத்தனை நாள் என்று. வயல் வேலை இல்லாத காலத்தில் முழுநாளும் உட்கார்ந்தால் நான்கு நாள் என்றார். நூல் கடையில் வாங்குவது, 150 பாத் ஆகுமாம்.

நான் பி.காம். படித்தவன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் நல்ல மார்க். 400-ல் நூல் 150 போனால் மிச்சம் 250. நான்கு நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 62 பாத் சொச்சம். அந்த நாட்டில் குறைந்தபட்ச தினக்கூலி 300 பாத்துக்கு மேல். அவர் கேட்ட 600-லேயே நாளுக்கு 112-தான் வருகிறது. அதிலும் நான் கை வைத்திருக்கிறேன்.

உடனே 200 பாத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. விலை பேசி முடிந்துவிட்டது, அப்புறம் எதற்கு என்றார். நான் விடாமல் நீட்டியதும் உள்ளே போய் ஒரு சின்னப் பையை எடுத்து வந்தார். வெள்ளை விதைமணிகள் வைத்துத் தைத்த பை. அதை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுத்தான் 200-ஐ வாங்கிக்கொண்டார். பணம் வந்தால் அதற்குச் சரக்கு போக வேண்டும், அவ்வளவுதான். தர்மமாக ஒரு பைசா அவர் கணக்கில் ஏறவில்லை. நான் அங்கேதான் தலைகுனிந்தேன்.

இரண்டாம் நாள்: நான் விழுந்த இடம்

இதை நம் மூத்தோர் வட்டத்துக்காக ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை உண்டு. இரண்டாம் நாள் காலை வழக்கம்போல மாத்திரை போட்டுக்கொண்டேன். ஆனால் அந்தச் சால்வைக் கலக்கத்தில் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வாய் சாதம், பாதி முட்டை. நடை அன்று ஐந்து மணி நேரத்துக்கு மேல், பாதி தூரம் செங்குத்து. பதினொரு மணிக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. எதிரே போகிறவர் முதுகு இரண்டாகத் தெரிந்தது. அப்படியே ஒரு வேர் மேல் உட்கார்ந்துவிட்டேன். குளுக்கோஸ் பாக்கெட்டோ, சியாங் மாய் ஓட்டலில் விட்டுவந்த பெரிய பையில் பத்திரமாக இருக்கிறது.

மனைவிதான் கண்டுபிடித்தாள். தம்பி தன் பையிலிருந்து பாலும் சர்க்கரையும் கலந்த காபித்தூள் பாக்கெட் இரண்டைக் கிழித்துப் பச்சைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். கூட வந்த கிராமத்துப் பெரியவர் வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். இருபது நிமிடத்தில் உலகம் ஒன்றாகத் தெரிந்தது. பெரியவர் அதன்பின் என் பையைத் தானே தூக்கிக்கொண்டார். கேட்டும் திருப்பித் தரவில்லை.

அங்கே செல்போன் சிக்னல் இல்லை. ஆம்புலன்ஸ் வர ரோடு இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் எதற்காவது மருந்து எடுப்பவர்கள், நாளைக்கு ஐந்து மணி நேரம் மலை ஏறப் போகிறேன் என்று உங்கள் டாக்டரிடம் சொல்லி, மருந்தை எப்படி எடுப்பது என்று கேட்டுவிட்டுப் போங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இனிப்பு எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

இரண்டாம் இரவு: ஒரு நோட்டுப் புத்தகம்

இரண்டாவது கிராமம் கொஞ்சம் பெரியது. ஒரு சிறிய சர்ச்சும் உண்டு. கரேன்களில் பௌத்தர்களும் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். பழைய தெய்வங்களையும் பலர் விடவில்லை. ஊருக்குள் நுழையும் முன் ஒரு மரக்கூட்டத்தைத் தம்பி காட்டினார். குழந்தை பிறந்தால் தொப்புள்கொடியை மூங்கில் குழாயில் வைத்து ஒரு மரத்தில் கட்டுவார்களாம். அந்த மரத்தை யாரும் வெட்டக் கூடாது. அது அந்தக் குழந்தையின் மரம். தன் மரத்தையும் காட்டினார். உயரமாக, நன்றாகத்தான் இருந்தது.

அன்று எங்களுக்கு வீடு கொடுத்தவர் கிராமக் குழுவின் பொருளாளர். இரவு அடுப்பு ஓரம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். எனக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்! பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். தாய் எழுத்து ஒன்றும் புரியவில்லை. ஆனால் தேதி, பெயர், வரவு, செலவு, இருப்பு என்று பத்தி பிரித்தால் எந்த மொழியிலும் தெரியும். டோட்டலுக்கு அடியில் இரட்டைக் கோடு. நான் மனதில் ஒரு பக்கம் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. வங்கியில் வேலை பார்த்தவன் என்று தம்பி சொன்னதும், அவர் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

முறை இதுதான். ஒரு விருந்தாளிக்கு ஓர் இரவுக்கு 300 பாத். அதில் 250 தங்க வைத்த வீட்டுக்கு, 50 கிராமப் பொது நிதிக்கு. வீடுகள் முறை வைத்து வருகின்றன. ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து ஆள் போகாது. பொது நிதியில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். தண்ணீர்க் குழாய் பழுது, கீழே டவுனில் படிக்கும் பிள்ளைகளுக்கு வண்டிக் கூலி, பிப்ரவரி, மார்ச்சில் காட்டுத்தீ பரவாமல் தடுக்கச் சருகைக் கூட்டிப் பாதை வெட்டப் போகிறவர்களுக்குச் சாப்பாடு. நம் சங்கத்தின் மெயின்டனன்ஸ் கணக்கு மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தேன். ஒரே வித்தியாசம், அவர்களுக்குப் பாக்கிதாரர் பட்டியல் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. முதல் கிராமத்தில் எவ்வளவு என்று தம்பியிடம் கேட்டேன். அவர் தயங்கினார். பிறகு, அங்கே குழு கிடையாது. வீட்டோடு ஏஜென்சி நேராகப் பேசிக்கொள்கிறது. ஆளுக்கு 100 பாத், சில சமயம் அதற்கும் கீழே என்றார். சாப்பாட்டு விறகும் அதிலேயே.

நான் சியாங் மாயில் அந்த ஏஜென்சியோடு எப்படிப் பேசினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 3,500 பாத் என்றார்கள். அடித்துப் பேசி 3,000 ஆக்கினேன். அந்த 500 எங்கே குறைந்தது? வண்டி வாடகை குறையாது, டீசல் விலை நமக்காக இறங்காது. இன்ஷூரன்ஸ் குறையாது. கடைக்காரர் தன் லாபத்தைக் குறைப்பாரா? இரண்டாவது கிராமத்தில் கைவைக்க முடியாது. குழு 300-க்குக் கீழே ஆள் ஏற்காது. அப்படியானால் குறைய முடிந்த இடம் இரண்டுதான். ஒன்று தம்பியின் கூலி. இன்னொன்று அந்த முதல் வீடு. தங்க வைத்ததில் கிடைக்காததைச் சால்வையில் எடுக்கலாம் என்று அந்த அம்மா மாலையில் துணியை விரிக்கிறார். நான் அங்கேயும் உட்கார்ந்து பேரம் பேசியிருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு தடவை கழித்திருக்கிறேன்.

நிலம், அடையாளம், அபின்

அவர்கள் ஏன் இவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதற்குப் பின்னணி உண்டு. அந்த மலைகளில் பல கிராமங்கள், பிற்பாடு வன எல்லை என்றும் தேசியப் பூங்கா என்றும் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குள் இருக்கின்றன. தலைமுறையாக உழும் நிலத்துக்கும் பலரிடம் பட்டா கிடையாது. வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பத்திரம் இல்லாதவனுக்கு அடமானக் கடன் கிடையாது. கரேன்களின் பழைய விவசாயம் சுழற்சி முறை. ஒரு துண்டு நிலத்தில் ஒரு வருடம் பயிர் செய்துவிட்டு, ஏழு முதல் பத்து வருடம் காடாக வளர விட்டுவிட்டு, மறுபடி அங்கே வருவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் காட்டை எரிக்கிறார்கள் என்று தோன்றும். நடமாட எல்லை குறுகக் குறுக, அந்தச் சுற்று நடக்க இடம் இல்லாமல் போகிறது. 2010 ஆகஸ்டில் தாய்லாந்து அமைச்சரவை கரேன் வாழ்க்கை முறையைப் பாதுகாக்க ஒரு தீர்மானமே போட்டது.

இன்னொன்று குடியுரிமை. மலையில் பிறந்தும் நாட்டின் குடிமகன் என்ற அட்டை இல்லாதவர்கள் நிறைய. தம்பியின் பாட்டிக்கு அறுபது வயதுக்கு மேல்தான் அட்டை வந்ததாம். அட்டை இல்லாவிட்டால் வெளி மாவட்டம் போகவே அனுமதி கேட்க வேண்டும். நல்ல வேலையும் கிடைக்காது. 2024 அக்டோபரில் சுமார் 4 லட்சத்து 83 ஆயிரம் பேருக்குச் சட்டப்படியான நிலையும் குடியுரிமையும் கிடைக்கும் வழியைச் சுருக்க அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

மலைவாசி என்றாலே அபின் என்று சிலர் சொல்வார்கள். சில இனத்தவர் ஒரு காலத்தில் பயிரிட்டது உண்மை. 1959-ல் அபின் தடை செய்யப்பட்டது. 1969-ல் மன்னர் பூமிபோல் தொடங்கிய ராயல் புராஜெக்ட், அதற்குப் பதிலாகப் பீச் பழம், காய்கறி, காபி, பூக்கள் என்று மாற்றுப் பயிர்களைக் கொண்டுவந்தது. இன்று அந்த மலைகளில் நீங்கள் குடிக்கும் அராபிகா காபிக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

இப்போது உங்கள் கொட்டேஷனுக்கு வருகிறேன்

மூன்று தாள்களையும் பார்த்தேன். மிகக் குறைந்த விலைத் தாளில் நடை, கிராமத் தங்கலோடு, 'நீண்ட கழுத்துக் கிராமம்', 'யானைச் சவாரி' இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

நீண்ட கழுத்துப் பெண்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் கயான் இனத்தவர். பர்மாவில் சண்டைக்குப் பயந்து எல்லை தாண்டி வந்தவர்கள் பலர். பித்தளை வளையம் கழுத்தை நீட்டுவதில்லை. தோள்பட்டை எலும்பைக் கீழே அழுத்துகிறது, அதனால் நீளமாகத் தெரிகிறது. டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் படம் எடுத்து வரும் ஏற்பாடு. இவர்களில் சிலரை ஏற்க நியூசிலாந்தும் பின்லாந்தும் தயாராக இருந்தும், நாட்டை விட்டுப் போக அனுமதி கிடைக்கவில்லை என்று 2008-ல் ஐ.நா. அகதிகள் அமைப்பு வெளிப்படையாகக் கவலை தெரிவித்தது. அந்தப் பெண்களுக்கு அந்தக் கடைகள்தான் வருமானம் என்று சொல்பவர்களும் உண்டு. அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அரை மணி நேரம் மனிதர்களைப் பார்த்துவிட்டு வண்டி ஏறுவதற்கும், ஒருவர் வீட்டில் சாப்பிட்டுத் தூங்குவதற்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள்.

யானைக்கும் ஒரு கதை. கரேன்கள் பரம்பரையாக யானை வளர்ப்பவர்கள். 1989-ல் தாய்லாந்து காடுகளில் மரம் வெட்டத் தடை வந்தது. மரம் இழுத்த யானைகளுக்கும் பாகன்களுக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. சுற்றுலாவுக்கு வந்ததற்கு அதுதான் காரணம். இப்போது சவாரியை விட்டுவிட்ட முகாம்கள் நிறைய இருக்கின்றன. யானைக்குத் தீனி கொடுத்து, தூர நின்று பார்த்து வரலாம். முதுகில் நாற்காலி போட்டு ஏற வேண்டியதில்லை. நம்மில் பலருக்கு அதில் ஏறி இறங்க முழங்காலும் ஒத்துழைக்காது.

சரி, அந்த ஒரு கேள்வி. மூன்று ஏஜென்சிகளுக்கும் எழுதிக் கேளுங்கள்: "நாங்கள் தங்கும் வீட்டுக்கு ஓர் ஆளுக்கு, ஓர் இரவுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? வழிகாட்டிக்கு நாள் கூலி எவ்வளவு?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவர் யார் என்று பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும். அந்தத் தொகையைத் தெரிந்துகொண்டபின் மற்றதில் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள். ஓட்டலில் பேசுங்கள், விமான டிக்கெட்டில் பேசுங்கள். நானும் வந்து பேசிக் கொடுக்கிறேன்.

சில நடைமுறைக் குறிப்புகள்

காலம்: நவம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை நல்லது. இரவில் மலையில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே போகலாம். ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய் இரண்டும் தேவை. மார்ச், ஏப்ரலில் தீயும் புகையும். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் போகவே கூடாது. ஜூன் முதல் அக்டோபர் வரை மழை, சேறு, அட்டை.

பயிற்சி: இன்றிலிருந்து லிப்டை மறந்துவிடுங்கள். ஒன்பது மாடியையும் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். புது ஷூவை முதல் தடவையாகக் காட்டில் போடாதீர்கள்.

ஆவணம்: 2025 மே 1 முதல் தாய்லாந்து போகிறவர்கள் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். விசா விதி அடிக்கடி மாறும். டிக்கெட் போடும் முன் பாருங்கள். மலை நடையும் அடங்கும் பயண இன்ஷூரன்ஸா என்று பாலிசியைப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். வழிகாட்டிக்கு அரசு உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பணம்: மலையில் ஏ.டி.எம். கிடையாது. 20, 50, 100 பாத் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கம்: படம் எடுக்கும் முன் கேளுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாய், காசு வேண்டாம். கொடுப்பதானால் பொது நிதியில் கொடுங்கள். கரேன் மொழியில் நன்றிக்குத் 'தா ப்ளு' என்று சொன்னால் முகம் மலர்கிறது.

மூன்றாம் நாள் இரண்டு மணி நேர நடை, அப்புறம் மூங்கில் தெப்பத்தில் ஆற்றோடு இறங்கினோம். தண்ணீர் இடுப்பு வரை நனைத்தது. என் மனைவி சால்வையை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அந்தச் சால்வையைத்தான் இன்று இந்த மேஜையில் விரித்து வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் தொட்டுப் பாருங்கள். விலை கேட்டால், அறுநூறு பாத் என்றே சொல்லுவேன்.

ஷட்டரை இறக்குகிறேன்.